ஐப்பசிப் புல்லுக்கு ஒரு புல்வெட்டி

கடலூர் புதுப்பாளையத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் கொல்லையில் நான்கு சென்ட் அளவுக்குப் புல்தரை இருக்கிறது. அந்த இடம் முன்பு மர நிழலாக இருந்தது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, அங்கே நின்ற இரண்டு பலா மரங்களும் ஒரு மாமரமும் வேரோடு சாய்ந்தன. அடுத்த கோடையில் நிழலின்றிக் காய்ந்த மணல் வீட்டுக்குள் பறக்கத் தொடங்கியதும், என் மாமனார் கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண்ணை இரண்டு டிராக்டர் இறக்கிப் பரப்பி, வயல் வரப்பிலிருந்து கொண்டுவந்த அறுகம்புல்லைக் கணுக்கணுவாக நறுக்கி நட்டார். புல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. அவர் இருந்தவரை அதைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். அவருக்குப் பிறகு அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்தப் புல்லுக்காகப் பேட்டரியில் ஓடும் புல்வெட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில் தெரிந்துகொண்டவற்றையும், வாங்கிய பின் வந்த மழைக்காலம் கற்றுக்கொடுத்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

மாமனார் வைத்திருந்தது ஒயர் இணைத்து ஓட்டும் மின்சாரப் புல்வெட்டி. தாழ்வாரத்துப் பிளக்கிலிருந்து முப்பது மீட்டர் ஒயரை இழுத்து, அதன் ஒரு வளையத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஓட்டுவார். நானும் அப்படியே பழகினேன். 2023 ஐப்பசியில், இரண்டு நாள் மழை விட்டிருந்த ஒரு காலையில், கொய்யா மரத்தைச் சுற்றித் திரும்பியபோது ஒயர் தோளிலிருந்து நழுவி ஈரப் புல்லுக்குள் மறைந்தது. அது பிளேடுக்கு அடியில் போனதை நான் பார்க்கவில்லை. ஓர் ஓசை கேட்டது, இயந்திரம் நின்றது, வீட்டுக்குள் மின்விசிறியும் நின்றது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. எங்கள் வீட்டில் இருந்ததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. செருப்பில்லாத என் கால்கள் கணுக்கால்வரை நனைந்திருந்தன. ஒரு முழத் தூரத்தில் ஒயரின் வெட்டுப்பட்ட முனை செம்பு தெரியக் கிடந்தது. அத்தை ஓடிவந்து பார்த்துவிட்டு, "போதும்மா. புல்லு வளர்ந்தா வளரட்டும். இனிமே அந்த ஒயரைத் தொடாதே" என்றார். அன்றோடு ஒயர் போட்ட புல்வெட்டியை எடுத்து வைத்துவிட்டேன்.

அதன் பிறகு சில மாதம் ஆள் வைத்து வெட்டினோம். இப்போது ஊரில் அரிவாளோடு புல் அறுக்க வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். வருபவர்கள் தோளில் மாட்டும் பெட்ரோல் இயந்திரத்தோடு வருகிறார்கள். அதில் சுழலும் நைலான் நரம்பு, காட்டுப் புதரையும் காலி மனையையும் சுத்தம் செய்ய மிகவும் ஏற்றது. புல்தரையில் அது மேடும் பள்ளமுமாகத்தான் வெட்டும், ஏனெனில் உயரத்தை நிர்ணயிப்பது ஆளின் கை. எங்களுக்கு அதைவிடப் பெரிய இழப்பு கொய்யா மரம். நரம்பு அடிப்பட்டையை ஒரு விரல் அகலத்துக்கு வளையமாக உரித்துவிட்டது. பட்டை சுற்றிலும் அறுந்தால் இலையில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்காது. மரம் உடனே வாடாமல், ஒரு பருவம் கழித்துப் பட்டுப்போகும். எங்கள் மரம் அப்படித்தான் போனது.

பெட்ரோல் புல்வெட்டியையும் யோசித்தேன். பெரிய மைதானத்துக்கு இன்றும் அதுவே வசதி. ஆனால் ஏறத்தாழ முப்பது கிலோ எடை, கயிறு இழுத்துக் கிளப்ப வேண்டிய இன்ஜின், கோடையில் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும்போது கார்பரேட்டரில் பிசினாக உறையும் பெட்ரோல், அதில் கலந்த எத்தனால் இழுத்துக்கொள்ளும் ஈரம் ஆகிய அனைத்தையும் நான்கு சென்ட் புல்லுக்காகச் சுமக்க வேண்டுமா என்று தோன்றியது. கையால் தள்ளும் உருளைப் புல்வெட்டி இன்னொரு வழி. 1830இல் இங்கிலாந்தின் எட்வின் பட்டிங், துணி ஆலையில் கம்பளித் துணியின் மேல் மயிரைச் சீராக வெட்டும் இயந்திரத்தைப் பார்த்து வடிவமைத்த முதல் புல்வெட்டி அந்த வகைதான். கத்தரிக்கோலைப் போல வெட்டுவதால் புல்லின் நுனி கிழியாது. வாரம் தவறாமல் வெட்டப்படும் கொரியன் புல்லுக்கு அதைவிட நல்லது இல்லை என்றே சொல்வேன். எங்கள் கொல்லையில் அறுகோடு கோரையும் கலந்து நிற்கிறது. நீண்ட கோரைத் தண்டு உருளைக்கு முன்னால் படுத்து, உருளை கடந்ததும் எழுந்துகொள்ளும். ஆகவே பேட்டரியில் ஓடும், கிடைமட்டமாகச் சுழலும் பிளேடு கொண்ட வகை என்று முடிவு செய்தேன்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களைப் பார்க்கத் தொடங்குகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். "ஒரு சார்ஜில் 40 நிமிடம்" என்று எழுதியிருக்கும். அந்த நாற்பது நிமிடம் உலர்ந்த, அடர்த்தி குறைந்த, ஏற்கெனவே குட்டையாக இருக்கும் புல்லுக்கு உரியது. எங்கள் ஊருக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில்தான் கிடைக்கிறது; புல் வெறிகொண்டு வளர்வதும் அப்போதுதான். பள்ளிக்கூட ஸ்கேலை நட்டு வைத்து நான் பார்த்த அளவில், பங்குனியில் வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்த அதே அறுகு, ஐப்பசியில் மூன்றரை சென்டிமீட்டர் வளர்ந்தது. புல்வெட்டியைப் பங்குனிப் புல்லுக்காகத் தேர்ந்தெடுத்தால், நமக்கு அது உண்மையிலேயே தேவைப்படும் மூன்று மாதமும் அது நடுக்கொல்லையில் நின்றுபோகும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்ட பிறகு, மற்ற கேள்விகளெல்லாம் எனக்குத் தாமாகவே வரிசைப்பட்டன.

ஐப்பசிக் கணக்கு இப்படி வருகிறது. புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வெட்டில் எடுக்கக் கூடாது. எடுத்தால் பச்சை இலை முழுவதும் போய், அடித்தண்டு வெளுத்து நின்று, வேரும் தளரும். நான்கு சென்டிமீட்டரில் புல்லை வைத்திருக்க விரும்பினால், ஆறு சென்டிமீட்டர் ஆனதும் வெட்ட வேண்டும். மழைக்காலத்தில் அதற்கு நான்கைந்து நாளே போதும். ஆனால் அந்த நான்கைந்து நாளும் மழை பெய்துகொண்டிருக்கும். வானம் வெளுத்து நாம் கொல்லையில் இறங்கும் நாளில் புல் ஒன்பது சென்டிமீட்டர் நிற்கும், அதுவும் ஈரமாக. அதை முதலில் ஆறுக்கு வெட்டி, பிறகு சக்கரத்தின் உயரத்தை இறக்கி நான்குக்கு வெட்ட வேண்டும். அதாவது, ஒரே நாளில் அதே நான்கு சென்ட்டை இரண்டு முறை சுற்ற வேண்டும்.

நான்கு சென்ட் என்றால் ஏறத்தாழ 162 சதுர மீட்டர். 38 சென்டிமீட்டர் அகலம் வெட்டும் பிளேடு, முந்தைய தடத்தின் மேல் சிறிது ஏறி வருவதால், உண்மையில் 33 சென்டிமீட்டரைத்தான் புதிதாக வெட்டுகிறது. நொடிக்கு முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாக, நிதானமாக நடந்தால் பன்னிரண்டு நிமிடத்தில் முடிய வேண்டும். திருப்பங்களும், செடிகளைச் சுற்றுவதும், புல் கூடையைக் கொட்டி வருவதும் சேர்ந்தால் இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. இரண்டு சுற்று என்றால் ஐம்பது நிமிடத்துக்குச் சற்று முன்பின். இதைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். வாங்க நினைக்கும் எவரும் முதலில் தங்கள் புல்தரையை இப்படி அளந்து பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

புதுச்சேரி நூறடிச் சாலையில் மின்கருவிகள் விற்கும் ஒரு கடையில் இரண்டு இயந்திரங்களை அருகருகே வைத்துக் காட்டினார்கள். ஒன்றில் 36 வோல்ட் என்றும் மற்றொன்றில் 40 வோல்ட் என்றும் பெரிய எழுத்தில் இருந்தது. "நாற்பது வாங்கிக்குங்க மேடம், அதுதான் பவர் அதிகம்" என்றார் விற்பனையாளர். பேட்டரிகளைக் கழற்றித் திருப்பிக் காட்டச் சொன்னேன். இரண்டின் அடியிலும் சிறிய எழுத்தில் ஒரே எண்: 36 வோல்ட், 144 வாட்-மணி. லித்தியம் அயன் செல் ஒன்றின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட், பத்துச் செல்களைத் தொடராக இணைத்தால் 36. முழுவதும் சார்ஜ் ஏறிய சில நிமிடங்களுக்கு ஒவ்வொரு செல்லும் நான்கு வோல்ட்டுக்குச் சற்று மேலே நிற்பதால், அதைக் கூட்டி 40 என்று எழுதுகிறார்கள். 18 வோல்ட்டும் 20 வோல்ட்டும் அதே கதைதான். இரண்டிலும் ஐந்து செல்களே தொடராக இருக்கின்றன. எவரும் பொய் சொல்லவில்லை, ஆனால் ஒப்பிட வேண்டிய எண் அது இல்லை. வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் கிடைக்கும் வாட்-மணிதான் பேட்டரிக்குள் இருக்கும் சரக்கு. 36 வோல்ட், 4 ஆம்பியர்-மணி என்றால் 144. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 90.

வோல்ட்டுக்கு வேறொரு பயன் உண்டு. ஈரப் புல்லில் மோட்டார் 360 வாட் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 18 வோல்ட்டில் அதற்கு 20 ஆம்பியர் ஓட வேண்டும். 36 வோல்ட்டில் 10 ஆம்பியர் போதும். ஒயரிலும் இணைப்பிலும் எழும் சூடு ஆம்பியரின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், பாதி ஆம்பியர் என்றால் கால் பங்குச் சூடுதான். சித்திரை வெயிலில் நிழலிலேயே நாற்பது டிகிரியைத் தொடும் ஊரில் இது சிறிய சலுகை இல்லை. இதே காரணத்தால்தான் 2 ஆம்பியர்-மணி பேட்டரியை வாங்க வேண்டாம் என்கிறேன். அதில் பெரும்பாலும் ஒரே வரிசைச் செல்கள் இருக்கும். மோட்டார் கேட்கும் சுமை முழுவதையும் அந்த வரிசையே தாங்கிச் சூடேறும். பெரிய பேட்டரியில் இணையாக இன்னொரு வரிசை இருந்தால் சுமை பாதியாகப் பிரிகிறது. நேரம் இரட்டிப்பாவதோடு ஆயுளும் நீள்கிறது.

ஆயுளைப் பற்றி நான் முதலில் தவறாகவே எண்ணியிருந்தேன். எத்தனை முறை சார்ஜ் ஏற்றலாம் என்று கடையில் திரும்பத் திரும்பக் கேட்டேன். வாரம் ஒரு முறை என்றால் ஆண்டுக்கு ஐம்பது முறைதான். இந்தச் செல்கள் பல நூறு முறை தாங்குபவை. அந்தக் கணக்கில் பத்தாண்டு ஓட வேண்டும். ஆனால் லித்தியம் அயன் பேட்டரி, பயன்படுத்தாமல் வைத்திருக்கும்போதும் உள்ளுக்குள் மூப்படைகிறது. முழு சார்ஜோடு, சூடான இடத்தில் இருந்தால் அந்த மூப்பு வேகமாக நடக்கும். தகரக் கூரை போட்ட கொல்லைக் கொட்டகையில், முழுவதும் சார்ஜ் ஏற்றி, பங்குனி முதல் ஆடி வரை விட்டுவைத்தால் அந்த ஐந்து மாதம் செய்யும் கேடு, ஓராண்டு முழுவதும் வெட்டுவதில் வருவதைவிட அதிகம். ஆகவே எங்கள் பேட்டரிகள் வீட்டுக்குள், காற்றோட்டமான உள்ளறை அலமாரியில், பேட்டரியில் சார்ஜ் அளவைக் காட்டும் நான்கு விளக்கில் இரண்டு எரியும் அளவில் இருக்கின்றன. வெட்டப்போகும் நாளின் முந்தைய இரவில்தான் முழுவதும் ஏற்றுகிறேன். வெட்டி முடித்த சூட்டோடு சார்ஜரில் போடுவதில்லை. போட்டாலும் நல்ல சார்ஜர் குளிரும்வரை ஏற்றாமல் காத்திருக்கும்.

மின்கட்டணம் பேச வேண்டிய விஷயமே இல்லை. எங்கள் புல்வெட்டியின் இரண்டு பேட்டரிகளுக்கும் சேர்த்து 180 வாட்-மணி ஏற்ற, வீணாவதையும் சேர்த்து, கால் யூனிட்டுக்கும் குறைவாகவே ஆகிறது. செலவு முழுவதும் பேட்டரியின் விலையில்தான் இருக்கிறது.

அதனால் எந்தப் பேட்டரி வரிசைக்குள் நுழைகிறோம் என்பது இயந்திரத்தைவிட முக்கியமாகிறது. மக்கிட்டா, பாஷ் போன்ற நிறுவனங்களின் 18 வோல்ட் வரிசையில் துளைப்பான், கிளை வெட்டும் ரம்பம், இலை ஊதும் கருவி என்று ஒரே பேட்டரியில் ஓடுபவை பல உண்டு. வாங்கும்போது பொருத்திப் பார்த்துவிட வேண்டும். பாஷ் நிறுவனத்திலேயே வீட்டு உபயோகத்துக்கான பச்சை நிறக் கருவிகளின் 18 வோல்ட் பேட்டரி, தொழில்முறையாளருக்கான நீல நிறக் கருவிகளில் சேராது. என் கணவரிடம் ஏற்கெனவே ஒரு 18 வோல்ட் துளைப்பான் இருந்ததால், அதே வரிசையில், இரண்டு 18 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகப் போட்டு 36 வோல்ட்டில் ஓடும் புல்வெட்டியை எடுத்தோம். இந்த அமைப்பின் பெரிய நன்மை, ஒன்று கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். ஒரு குறையும் உண்டு. இரண்டில் எது முதலில் தீர்கிறதோ, அதோடு இயந்திரம் நின்றுவிடும். பழையதையும் புதியதையும் சேர்த்துப் போட்டால் புதியது பாதி சார்ஜோடு வெறுமனே இருக்கும். நான் ஒரு ஜோடியின் முதுகில் சிவப்பு நெயில் பாலிஷும் மற்றொரு ஜோடியில் வெள்ளையும் புள்ளி வைத்திருக்கிறேன். ஜோடி மாறாமல் சேர்ந்தே ஓடி, சேர்ந்தே தேய்கின்றன.

இரண்டாவது ஜோடி வந்த வழியையும் சொல்ல வேண்டும். என் பிறந்த வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டை. எங்கள் ஊரில் பலரைப் போல என் சித்தி மகனும் பிரான்சில் இருக்கிறான். "அக்கா, இங்க தள்ளுபடியில போட்டிருக்கான், மெஷினையே கொண்டுவந்துடட்டுமா?" என்று கேட்டான். அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் சார்ஜர் இங்கே ஓடும். ஆனால் விமானத்தில் உதிரி லித்தியம் பேட்டரியைக் கைப்பையில் மட்டுமே எடுத்துச் செல்லலாம். 100 வாட்-மணிக்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதிலும் இரண்டுக்கு மேல் கூடாது. 160ஐத் தாண்டினால் பயணியிடம் அனுமதியே இல்லை. 36 வோல்ட் ஒற்றைப் பேட்டரி 144 வாட்-மணி என்பதால் அந்த அனுமதிக்குள் மாட்டும். எங்கள் 18 வோல்ட் பேட்டரி 90 வாட்-மணிதான். ஆகவே இயந்திரத்தையும் முதல் ஜோடியையும் இங்கேயே ரசீதோடு வாங்கி, கூடுதல் ஜோடியை மட்டும் அவனிடம் கேட்டேன். வெளிநாட்டில் வாங்கியதற்கு இங்கே உத்தரவாதம் செல்லாது என்பதை அறிந்தே கேட்டேன். இங்கே வாங்கும் பேட்டரியில் இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 16046 என்ற எண்ணும் பதிவு எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். பாதி விலைக்கு இணையத்தில் கிடைக்கும் பெயரில்லாப் பேட்டரிகளில் நான் முதலில் தேடுவது அதைத்தான். இல்லையென்றால் வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் ஏற்ற எனக்குத் துணிவில்லை.

எடையைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தாழ்வாரத்தை உயர்த்திவிட்டோம். கொல்லையில் இறங்க ஐந்து படி. கடையில் வாசல் படியில் வைத்துத் தூக்கி இறக்கிப் பார்க்க அனுமதி கேட்டேன். பேட்டரியோடு பதினைந்து கிலோ, நடுவில் கைப்பிடி இருந்ததால் ஒரு கையால் தூக்க முடிந்தது. தானே உருண்டு செல்லும் வகை நான்கைந்து கிலோ கூடுதல். எங்கள் தரை சமமாக இருப்பதால் அதைத் தவிர்த்தேன். தள்ளும் கைப்பிடியின் உயரத்தையும் கவனித்தேன். நான் ஐந்தடி ஓர் அங்குலம். மிக உயரமான கைப்பிடியை நெஞ்சால் தள்ளினால் அரை மணி நேரத்தில் தோள் வலிக்கும். கைப்பிடியை மூன்று நிலையில் மாற்றிக்கொள்ளும் வசதி எனக்கு 38 சென்டிமீட்டர் பிளேடுக்கும் 43 சென்டிமீட்டர் பிளேடுக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரியதாகப் பட்டது.

தேவனாம்பட்டினம் கடற்கரை எங்களுக்கு மிக அருகில். இங்கே ஜன்னல் கம்பியே ஆண்டுக்கு ஒரு பெயின்ட் கேட்கும். இரும்புத் தகட்டில் செய்த உடல் முதல் கல் தெறித்துப் பெயின்ட் போன இடத்தில் துருப்பிடிக்கத் தொடங்கும்; ஈரப் புல் அடியில் ஒட்டியிருந்தால் இன்னும் வேகமாக. கடினப் பிளாஸ்டிக் உடலை மட்டமானது என்று பலர் ஒதுக்குகிறார்கள். கடலோரத்துக்கு அதுவே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. பேட்டரி உட்காரும் இடத்தின் செம்பு முனைகளில் பச்சை படிகிறதா என்று மாதம் ஒரு முறை பார்த்து, உலர்ந்த துணியால் துடைக்கிறேன். ஐ.பி.எக்ஸ். 4 என்று எழுதியிருந்தால் தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்பதுதான் பொருள். குழாயைப் பீய்ச்சிக் கழுவலாம் என்பது இல்லை.

2024 ஆவணியில் வாங்கினேன். உலர்ந்த புல்லில் ஒரு ஜோடி முப்பத்தைந்து நிமிடம் ஓடியது. ஐப்பசியின் முதல் அடைமழை விட்ட மறுநாள் மாலை, ஒன்பது சென்டிமீட்டர் புல்லில் அதே ஜோடி இருபத்திரண்டு நிமிடத்தில் நின்றது. கூடை நிறைவதற்கு முன்பே வெளியேறும் வழி ஈரப் புல்லால் அடைத்துக்கொண்டது. மோட்டாரின் ஓசை கனத்தால் அடைப்பு என்று பொருள். பாதுகாப்புச் சாவியை உருவி, இரண்டு பேட்டரிகளையும் கழற்றித் திண்ணையில் வைத்த பிறகே கவிழ்ப்பேன். சீவிய தென்னை மட்டைத் துண்டால் வழித்தால், பச்சைச் சாந்து போலப் புல் கட்டிகட்டியாக விழும். முதல் சுற்றில் கூடையைக் கழற்றிவிட்டுப் புல்லைப் பக்கவாட்டில் விட்டதும் அடைப்பு பாதியாகக் குறைந்தது. வெட்டிய புல்லில் பெட்ரோல் வாடை இல்லாததால் அடுத்த வீட்டுப் பசுவுக்குக் கேட்டார்கள். வெட்டிய உடனே பரப்பிப் போடும் அளவு மட்டும் கொடுக்கிறேன்; குவித்து வைத்த பொடிப்புல் சில மணி நேரத்தில் சூடேறி நொதித்துவிடும், அது மாட்டுக்கு ஆகாது. மீதி கொய்யாக் கன்றின் அடியில் மூடாக்காகப் போகிறது.

அந்த ஆண்டு நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோதும், அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோதும், எங்கள் கொல்லையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. 2015இன் வெள்ளக் கோடு சுவரில் இன்றும் தெரிகிறது. பேட்டரிகளும் சார்ஜரும் அதற்கு மேலே உள்ள தட்டில் இருந்தன. வெள்ளத்தில் மூழ்கிய லித்தியம் பேட்டரி காய்ந்த பின் நன்றாகத் தெரிந்தாலும் அதைச் சார்ஜ் ஏற்றக் கூடாது. உள்ளே போன நீர் செல்களைக் குறுக்கே இணைத்துப் பிறகு தீப்பிடிக்கலாம். அதைக் குப்பையிலும் போடக் கூடாது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகள் திரும்பச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போவதற்குத் தயாரிப்பாளர்களே பொறுப்பு.

தண்ணீர் வடிந்ததும் புல்லின் மேல் வண்டல் படிந்திருந்தது. அது தெரியாமல் அவசரப்பட்டு வெட்டியது என் தவறு. வண்டலும் நம் கடற்கரை மணலும் பிளேடுக்கு உப்புத்தாள் மாதிரி. இரண்டே வெட்டில் முனை மழுங்கியது. புல் நுனிகள் கிழிந்து, மறுநாள் கொல்லை முழுவதும் வெளிர் பழுப்பாகத் தெரிந்தது. முப்பத்தைந்து நிமிடம் ஓடிய ஜோடி, மழையே இல்லாத மார்கழியின் கடைசி வாரத்தில் இருபத்தாறு நிமிடத்தில் நின்றபோது பேட்டரிதான் கெட்டுவிட்டது என்று பயந்தேன். தெருவில் வந்த சாணைக்காரரிடம் பிளேடைக் கொடுத்தேன். "கத்தி மாதிரி கூரா வேணுமாம்மா?" என்று கேட்டார். வேண்டாம், பழைய சரிவு மாறாமல் இரண்டு பக்கமும் ஒரே அளவு எடுத்தால் போதும் என்றேன். மிக மெல்லிய முனை முதல் கல்லிலேயே மடங்கிவிடும். அவர் நான்கைந்து முறை சக்கரத்தில் பிடித்துத் தந்த பிளேடை, நடுத்துளையில் ஓர் ஆணியை நுழைத்துத் தாழ்வாரத் தூணில் தொங்கவிட்டோம். இடது பக்கம் மெல்லத் தாழ்ந்தது. ஒரு பக்கம் கனத்தால் இயந்திரம் அதிர்ந்து மோட்டாரின் பேரிங் போய்விடும் என்று நான் சொன்னதும், அவரே அரத்தை எடுத்து இடது முனையின் பின்புறம் சில இழுப்பு இழுத்தார். மூன்றாவது முறை தொங்கவிட்டபோது பிளேடு அசையாமல் நேராக நின்றது. பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை அதை மாட்டி, சிவப்புப் புள்ளி ஜோடியைப் போட்டு, கொல்லை முழுவதையும் ஒரே சுற்றில் வெட்டி முடித்தேன். நான்கில் ஒரு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.